அசையாத ஆணி

காலண்டர் கோணலாகத் தொங்கியது.

சின்னவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்த மழைக்கோட்டை வாசல் கம்பியில் போட்டுவிட்டு, சேறு அப்பிய பூட்ஸை வெளியிலேயே உதறிவிட்டு, நான்கு நாள் மழையில் துணி காயாத வீடுகளுக்கே உரிய ஈர வாசனைக்குள் நுழைந்து, நாற்காலியில் சாய்ந்து, அடுப்படியில் அக்கா டீ வடிகட்டும் சத்தத்தைக் கேட்டபடி சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சுவர், வெளிர் பச்சை வண்ணம். பக்கத்தில் கதவு நிலை இருந்ததால்தான் கோணல் கண்ணில் பட்டது. நிலைக்கும் காலண்டருக்கும் நடுவே மேலே மூன்று விரல் இடைவெளி, கீழே நான்கு. காலண்டரின் கீழ் மூலைகள் இரண்டிலும் செலோடேப் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் பிய்ந்துபோயிருந்தது.

"காலண்டருக்குப் போய் எதுக்குக்கா டேப்?"

"அதை ஏன் கேக்கற. நேரா நிக்கவே மாட்டேங்குது. உங்க மாமா மூணு தடவை ஆணியப் பிடுங்கி அடிச்சுப் பாத்துட்டாரு. புதுச் சுவரெல்லாம் ஓட்டை. கடைசில டேப்பப் போட்டு ஒட்டிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு."

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். நாற்பத்தைந்து நாள் பள்ளிக்கூட ஹாலில், அதிகம் பழகாத இருபத்தோரு குடும்பங்களோடு பாய் விரித்துப் படுத்துவிட்டு, ஆறு நாளைக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்தாள். இப்போது அவளுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. சொந்தச் சுவரைப் பற்றிக் குறை சொல்வதில்கூட ஒரு பெருமை இருந்தது.

அவளுடைய நான்கு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் 'பொடிசு', கூடத்தின் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் இருந்த ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு அந்த இருட்டு மூலையில்.

"அங்க ஏன் உக்காந்திருக்க? இங்க வா, சித்தி பக்கத்துல."

"இங்கதான் எல்லாம் வரும்" என்றது பொடிசு, தலையைத் தூக்காமல்.

"எது வரும்?"

குழந்தை கையிலிருந்த கலர் பென்சிலைக் கூடத்தின் நடுவே வீசியது. பென்சில் விழுந்தது. ஒரு கணம் சும்மா கிடந்தது. பிறகு யாரோ கூப்பிட்டது போல மெதுவாகப் புரண்டு, டைல்ஸ் மேல் டக்டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு, நேராக அந்த மூலைக்கே திரும்பி வந்தது. பொடிசு அதை எடுத்து மறுபடி வரையத் தொடங்கியது. மூலையில் ஏற்கெனவே ஒரு பந்து, இரண்டு பாட்டில் மூடிகள், ஒரு வட்ட ரப்பர் வளையல் எல்லாம் சேர்ந்து கிடந்தன.

சின்னவள் அந்த மூலையையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் மாநகராட்சியின் சர்வேயர். இந்த மலைச்சரிவுக் குடியிருப்பு முழுவதும் அவள் கைக்குள் அடங்கிய இடம். மலையைப் படிபடியாக வெட்டி மூன்று வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். குடிவந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு விடியற்காலையில் கீழ் வரிசை ஐந்து வீடுகளோடு சரிந்து பள்ளத்தாக்குக்குள் போனது. பதினோரு பேர். மிச்சமிருந்த இருபத்திரண்டு வீட்டுக்காரர்களையும் வெளியேற்றினார்கள். சரிந்த இடத்தை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, மணல் மூட்டை அடுக்கி, கால்வாய் வெட்டினார்கள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. மேலே உள்ள இரண்டு வரிசைகளும் நகர்கிறதா, இல்லையா?

அதைச் சொல்ல வேண்டியவள் சின்னவள். வேலை எளிது. அசையாத இடத்தில் ஒரு ஆணி அடிப்பார்கள், அதற்குப் பெயர் மூல ஆணி. அங்கிருந்து முதல் வீட்டுச் சுவரில் அடித்த ஆணி வரைக்கும் டேப்பால் அளக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு, அதிலிருந்து அடுத்தது. தினமும் காலையில். தூரம் கூடினாலோ குறைந்தாலோ நிலம் நகர்கிறது. நாற்பத்தைந்து நாளும் அளந்தாள். ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றமில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். சனங்கள் வீடு திரும்பினார்கள், அக்காவும்.

சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நெட்டி முறிக்கிற மாதிரி. டக்.

"இது என்னக்கா?"

"புது வீடுன்னா சிமென்ட் செட்டாகும்ல, அதான். பகலெல்லாம் முறிச்சுக்கிட்டே இருக்கு. சோம்பேறி வீடு." டீயை நீட்டினாள். டம்ளருக்குள் டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டும் மறுபக்கம் சற்றுத் தாழ்ந்தும் நின்றது. ஸ்டூல் மேல் வைத்துப் பார்த்தாள். அப்படியேதான் நின்றது.

அக்கா உள்ளே போனதும் சின்னவள் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தாள். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் அதே பித்தளைக் குண்டு, அதே நூல். காலண்டர் ஆணியில் நூலை மாட்டினாள். குண்டு இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது. நூல் காலண்டரின் நட்டநடுவே, மயிரிழைகூட விலகாமல் இறங்கியது. பிறகு கதவு நிலையின் தலையில் வைத்துப் பிடித்தாள். குண்டு தரைக்கு வந்தபோது நிலையை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. காலண்டர் சரியாகத்தான் தொங்குகிறது. கோணல் வீட்டில்தான்.

"சித்தி, அது என்ன?"

"ஒண்ணும் இல்லடா." நூலைச் சுற்றிப் பையில் போட்டாள். அவசரத்தில் முடிச்சு விழுந்துவிட்டது. "அக்கா, ஒரு பத்து நிமிஷத்துல வர்றேன்."

"டீயக் குடிச்சிட்டுப் போயேண்டி."

"வந்து குடிக்கறேன்."

வெளியே மழை விட்டு, அதைவிட மோசமான பனிமூட்டம் இறங்கியிருந்தது. பகல் மூன்று மணி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தெருவின் இரு பக்கமும் வீடுகளில் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், யாரோ டிவியில் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டு வாசலில் ஒருவர் குனிந்து கதவின் அடிப்பகுதியை இழைத்துக்கொண்டிருந்தார். "மழைல மரம் ஊதிடுச்சு மேடம், சாத்த முடியல" என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த வீட்டிலும் இழைத்த மரத்தூள் வாசலில் கிடந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

தெருவின் கீழ்ப்பக்கம், கம்பி வேலிக்கு அப்பால், தார்ப்பாய். ஐந்து வீடுகள் இருந்த இடத்தை மூடிய அந்தப் பெரிய நீலத் துணி மெல்ல உப்பி, மெல்லத் தாழ்ந்து, மறுபடி உப்பியது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கம்பியில் தொங்கிய மழைத்துளிகளைப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. மண் வாசனை வந்தது. மழை பெய்ததும் வருகிற நல்ல வாசனை அல்ல, ஆழத்தில் பல காலம் மூடிக் கிடந்த மண்ணைத் திறந்தால் வருகிற புளித்த வாசனை.

மூல ஆணி சிறுபாலத்தின் கான்கிரீட் கட்டையில் இருந்தது. டேப்பின் கொக்கியை மாட்டினாள். இழுத்துக்கொண்டு முதல் வீடு வரைக்கும் நடந்தாள். இருபத்தேழு மீட்டர், நாற்பத்தாறு சென்டிமீட்டர். நேற்றும் இதேதான். முந்தாநாளும் இதேதான். ஐம்பத்தொரு நாளாக இதேதான்.

அந்த எண்ணைப் பார்த்துத் தினமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவள் இன்று அதைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டாள். வீடு இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறது. தூரம் மட்டும் மாறவேயில்லை. பாலமும் வீடும் ஒரே படகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் போல. படகு எங்கே போனாலும் அவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது.

மூல ஆணி இங்கே இருந்திருக்கக் கூடாது.

அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். சாலை வளைவுக்கு அப்பால் ஒரு பாறை இருக்கிறது. மலையோடு பிறந்த பாறை. தலைமைப் பொறியாளர் வந்து அதில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, "ஆணி இங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கொட்டுகிற மழை. பாறை நூற்றுப்பத்து மீட்டர் தள்ளி, அவள் டேப்போ முப்பது மீட்டர். நாலு தடவை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், கூட இன்னொரு கை வேண்டும். ஹாலிலிருந்து அக்கா வேறு போன் மேல் போன். பொடிசுக்குக் காய்ச்சல், ஹாலில் கொசு, எப்போடி அளந்து முடிப்பீங்க? பாலம் கண் முன்னால் கல்லு மாதிரி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. அதில் அடித்தாள். புத்தகத்தில் 'பாறை' என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அன்றைக்கு அது அவளுக்குப் பூசணிக்காயாகவே தெரியவில்லை, ஒரு சின்னச் சௌகரியமாகத்தான் தெரிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வளைவை நோக்கி நடந்தாள். பனிக்குள் இரும்பு மேல் இரும்பு மோதும் சத்தம். வால்வு குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று குழாய்க்காரர் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, மறுபடியும் லீக்கா?"

"லீக் இல்ல மேடம். ஜாயின்ட்டே கழண்டுக்குது. வாராவாரம் இதே பொழப்புதான். குழாய் எட்டவே மாட்டேங்குது."

"எட்டலன்னா?"

"போன வாரம் அளந்து மாட்டின குழாய் இந்த வாரம் அஞ்சு விரக்கடை குட்டையா நிக்குது. இரும்பு சுருங்குமா மேடம்? மொதல்ல கடைக்காரன் அளவுல கை வெக்கிறான்னு நெனச்சு அவன்கிட்டப் போய்ச் சண்டையே போட்டுட்டேன்."

"இது வரைக்கும் எவ்வளவு சேத்திருப்பீங்க?"

அவர் யோசித்தார். பிறகு சேறு படிந்த கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் காட்டி, அதற்கு மேலும் ஒரு சாண் சேர்த்துக்கொண்டார். "ஒரு ஒன்றரை முழம் இருக்கும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஏன் சொல்லாம? குழாய் பத்தலன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன். பத்துக் குழாய் அனுப்பி வெச்சாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்க முயன்றாள், முகம் ஒத்துழைக்கவில்லை.

வளைவு வந்ததும் பனிக்குள்ளிருந்து சாலை அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டது. நடுவே போகிற வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்து, ஒன்றரை முழம் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளி மறுபடி தொடங்கியது. அறுந்த இடத்தில் குறுக்காகத் தார் ஒட்டு. பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னும் புதுத் தார். சாலைப் பிரிவு வந்து வந்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. தலைக்கு மேலே மின்கம்பிகள் புதிதாகத் தளர்த்திக் கட்டப்பட்டிருந்தன. மின் பிரிவும் வந்திருக்கிறது. குருடர்கள் யானையைத் தடவின கதைதான். தார்க்காரர் தாரை ஊற்றினார், மின்காரர் கம்பியைத் தளர்த்தினார், குழாய்க்காரர் குழாயை நீட்டினார். யானை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் பொறுப்பு சர்வேயருடையது. சர்வேயர் ஐம்பத்தொரு நாளாக அதன் முதுகில் உட்கார்ந்து அதன் முதுகையே அளந்துகொண்டிருந்தாள்.

ஒட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தாள். பாறை நின்றது. மழை கழுவிவிட்டதில் சிவப்புக் குறி புதிதுபோல இருந்தது. ஆணி இல்லாத குறி.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

காலுக்குக் கீழே, தார் ஒட்டின் ஓரத்தில். குனிந்தாள். வெடிப்புக்குக் குறுக்கே ஏதோ ஒரு செடியின் வேர்கள் விறைப்பாக நீண்டிருந்தன. அவள் பார்க்கப் பார்க்க அதில் ஒன்று அறுந்தது. டக். வெடிப்பு ஓரமாக, பனிக்குள், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. டக். டக். அக்காவின் சுவருக்குள் கேட்ட அதே சத்தம்.

போனை எடுத்தாள். செயற்பொறியாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சார், குடியிருப்பு நகருது. பாலம், ரோடு, வீடு எல்லாம் மொத்தமா."

"என்னம்மா சொல்றீங்க? காலைல பூஜ்யம்னு அனுப்பியிருக்கீங்க."

"பூஜ்யம்தான் சார். மூல ஆணியும் சேர்ந்து நகருது."

"அதெப்படி? பாறைலதானே..."

சொல்லிவிட்டாள். ஒரே வாக்கியம். ஐம்பத்தொரு நாள் நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வர இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"உங்கள என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கறேன்" என்றார். "இப்பவே சைரன் போடச் சொல்றேன். எல்லாரையும் மைதானத்துல சேருங்க. ஆள் கணக்கு எடுத்ததும் பஸ் வந்து ஏத்திக்கும். ஓடுங்க."

அவருக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. பாறையின் பக்கத்தில், அசையாத மண்ணில், பத்திரமாக நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே நின்றிருக்கலாம். வெடிப்பைத் தாண்டி மறுபடி இந்தப் பக்கம் ஓடினாள்.

சைரன் எழுந்தது. மலை முழுவதும் அது ஒரு பெரிய விலங்கின் ஊளை போல வளைந்து வளைந்து ஏறியது. கதவுகள் திறந்தன. சில திறக்கவில்லை. உள்ளிருந்து இடிக்கும் சத்தம் தெருவெங்கும் கேட்டது. ஆட்கள் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை இறக்கினார்கள்.

அக்கா வீட்டுக் கதவும் அசையவில்லை.

"அக்கா!"

"இழுத்தா வரல! பத்து நிமிஷம் முன்னாடி நல்லாத்தானடி இருந்துச்சு!" ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம். இடுப்பில் பொடிசு. "எதுக்கு சைரன்? என்னடி ஆச்சு? நீதான அளந்து சொன்ன, ஒண்ணும் இல்லன்னு? கையெழுத்து வேற போட்ட?"

"தப்பா அளந்துட்டேன்க்கா."

"என்னது?"

"ஆணிய தப்பான எடத்துல அடிச்சிட்டேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அக்கா அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். "நான்தான உன்ன அவசரப்படுத்தினேன்" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா. நான்தான்."

குழாய்க்காரர் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார். மூன்றாவது நெம்பலில் நிலையே பிளந்துகொண்டு வந்தது. கதவு விழுந்ததும் உள்ளிருந்து ஒரு நீண்ட முனகல், வீடு மூச்சு விட்டது போல. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது. அந்த வலிக்காகச் சின்னவள் நன்றியோடு இருந்தாள்.

மைதானத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் விளையாடும் இடம்தான், இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் உள்ள சமதரை. பேரிடர்ப் பிரிவு ஊழியர் ஒருவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரையும் நகரவிடவில்லை. "கதவு நம்பர் கூப்பிடுவேன், இருக்கோம்னு சொல்லுங்க. எண்ணி முடிச்சாதான் பஸ். கூட்டத்துல ஓடி யாராவது விட்டுப்போனா நான் பதில் சொல்லணும்."

சைரன் நின்றது. கூட்டம் அமைதியாகவே இருந்தது. ஹாலில் நாற்பத்தைந்து நாள் வரிசையில் நின்று பழகியவர்கள். யாரோ பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கைமாற்றினார்கள். யாரோ, "மறுபடியும் அதே ஹால்னா நான் கொசுவலையோடதான் வருவேன்" என்றார். சிரித்தார்கள். சின்னவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் அல்ல. எல்லோரும் இருக்கிறார்கள். வேலை போகட்டும், ஜெயிலில் போடட்டும், இனி எது வந்தாலும் வரட்டும். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"ஒண்ணு?"

"இருக்கோம்."

"ரெண்டு?"

"இருக்கோம்."

பட்டியல்காரரின் கையில் இருந்த தாளின் பின்பக்கம் அவளுக்குத் தெரிந்தது. குடியிருப்பின் வரைபடம். அவள் வரைந்தது. மைதானத்தைச் சுற்றிப் பச்சை வட்டம். வட்டத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: மூல ஆணிக்கு அருகில் உள்ளதால் பாதுகாப்பானது.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பாலம் இருபதடி தூரத்தில் இருந்தது. வளைவு அதற்கும் அப்பால், பனிக்குள்.

பட்டியல்காரரின் போன் அடித்தது. கேட்டார். "பஸ் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சாம். ரோடு ஆளுயரம் எறங்கிடுச்சுன்னு டிரைவர் சொல்றாரு." நிதானமாகத்தான் சொன்னார். "பரவால்ல, வேற வழி பாக்கறோம். யாரும் எடத்த விட்டு அசையாதீங்க. இங்க சேஃப். அஞ்சு?"

"இருக்கோம்."

தரை ஆடவில்லை. துளிகூட. டம்ளரில் டீ ததும்பவில்லை. ஊஞ்சல் சங்கிலி அசையவில்லை. வேர்கள் அறுகிற சத்தமும் இப்போது இல்லை. அறுவதற்கு மிச்சம் எதுவும் இல்லாதது போல.

ஒரு வேளை நின்றுவிட்டதோ?

தெரிந்துகொள்ள வேண்டும். ஓரமாக நின்ற, காலையில் அவள் வந்த ஆபீஸ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த இரண்டு சர்வே கோல்களை எடுத்தாள். ஒன்றை ஊஞ்சல் பக்கம் மண்ணில் குத்தினாள். பத்தடி பின்னால் வந்து இன்னொன்றை. இரண்டும் ஒரே கோடாகத் தெரிகிற இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். இனி தூரத்தில் அசையாத ஒரு பொருள் வேண்டும். காலடி நிலம் நகர்ந்தால் அது கோலைத் தாண்டி விலகிப் போகும்.

அந்த நேரம் பார்த்து, நான்கு நாளில் முதல் தடவையாக, பள்ளத்தாக்கில் பனி விலகியது.

எதிர்மலையில் ஆஸ்பத்திரி. ஐந்து மாடி. மாலை விளக்குகள் போட்டுவிட்டார்கள், வரிசை வரிசையாக மஞ்சள் ஜன்னல்கள். மூன்றாவது மாடியில் கோல்களுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு ஜன்னல். அதில் வெள்ளை உடுப்பில் யாரோ ஒருத்தி நின்று திரையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டு?"

"இருக்கோம்."

சின்னவள் மூச்சை அடக்கினாள். தலையை ஆட்டவில்லை. கோல்கள் இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக, ஒற்றைக் கோடாக. அது மாறவில்லை. முதல் கோல் அசையவில்லை. இரண்டாவது கோல் அசையவில்லை. அவள் அசையவில்லை.

வெள்ளை உடுப்புப் பெண்ணின் தோள் கோலுக்குப் பின்னால் போனது.

பிறகு முகம்.

பிறகு ஜன்னல் முழுவதும்.

"பத்து?"

"இருக்கோம்."

அடுத்த ஜன்னல். மெதுவாக. குலுக்கல் இல்லை. சத்தம் இல்லை. போய்விட்டது. அதற்கடுத்தது. முன்னதைவிடச் சீக்கிரம். கோலின் இடப்பக்கம், இவ்வளவு நேரம் இல்லாத ஜன்னல்கள், ஒன்று, இரண்டு, மூன்று.

வாயைத் திறந்தாள். ஓடுங்க என்று சொல்ல வேண்டும். எங்கே என்று கேட்பார்கள்.

"பதினொண்ணு?"

அது அக்காவின் கதவு நம்பர்.

அக்கா பொடிசை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

"இருக்கோம்."

ஆஸ்பத்திரியின் கடைசி ஜன்னல் கோலுக்குப் பின்னால் போனது. பிறகு சுவர். பிறகு வெறும் மலை, வலமிருந்து இடமாக, நிற்காமல்.